மூடியைத் தூக்கினால் தெரியும் தோட்டம்

"வீட்டு வளவைத் திட்டமிட இலேசான, செலவு குறைந்த மென்பொருள் எது?" புதிதாக வீடு கட்டும் எம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் இதற்குப் பின்னால் 200 வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால் எதைப் பார்த்துத் தெரிவு செய்வது என்பதும் விளங்கும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1788. இங்கிலாந்தில் ஹம்ப்ரி ரெப்டன் என்பவருக்கு வயது 36. வியாபாரத்தில் நட்டப்பட்டுக் கையில் காசில்லாமல் இருந்தவர். ஆனால் நீர்வர்ணச் சித்திரம் அழகாக வரைவார். அதை நம்பியே தோட்ட வடிவமைப்பைத் தொழிலாக எடுத்துக்கொண்டார். அவருக்கு முன் அத்துறையில் கொடிகட்டிப் பறந்த 'கேப்பபிலிட்டி' பிரவுண் மண் வெட்டுவது முதல் மரம் நடுவது வரை தானே ஒப்பந்தம் எடுத்துச் செய்தவர். ரெப்டன் ஆலோசனையை மட்டுமே விற்றார். கையால் எழுதி, படம் வரைந்து, சிவப்புத் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகமாகக் கட்டிக் கொடுப்பார். 'சிவப்புப் புத்தகங்கள்' என்று இன்றும் பேசப்படுவது அவற்றைத்தான்.

அந்தப் புத்தகத்தின் சூட்சுமம் ஒரு காகித மூடியில் இருந்தது. படத்தைப் பார்த்தால் உங்கள் காணி இப்போது இருக்கும் கோலம் தெரியும். அதில் ஒட்டியிருக்கும் துண்டுக் காகிதத்தைத் தூக்கினால், அதே இடம் ஏரியும் மரமும் பாதையுமாக மாறிய கோலம் தெரியும். இன்று 'முன்', 'பின்' என்று திரையில் விரலால் இழுத்துப் பார்க்கிறோமே, அதன் மூதாதை இதுதான்.

அவருடைய சொந்த வீட்டுப் படம்தான் நாம் கவனிக்க வேண்டியது. எசெக்ஸ் பகுதியில் தெருவோரச் சிறு வீடு அது. 1816இல் வந்த அவரது கடைசி நூலில் இந்த வீட்டுக்கும் முன்-பின் படம் உண்டு. முதல் படத்தில் வேலிக்கு அப்பால் தெரு, எதிரே இறைச்சிக்கடை, வேலியோரம் உடல் ஊனமுற்ற யாசகர் ஒருவர். மூடியைத் தூக்கினால் வேலி தள்ளிப் போயிருக்கும். செடிகளும் ரோசாவும் நிறைந்திருக்கும். இறைச்சிக்கடை மறைந்துவிடும், யாசகரும் இல்லை. தெருவில் கிடந்த பொது நிலத்தில் ஒரு துண்டு அவரது தோட்டத்துக்குள் வந்துவிட்டது! அனுமதி பெற்றுத்தான் செய்தார். ஆனாலும் படம் எதைக் காட்டுகிறது என்பதோடு எதை ஒளிக்கிறது என்பதையும் கேட்க இந்த ஒரு படம் போதும். நமது ஊர்களில் மதிலை ஓர் அடி வெளியே தள்ளிக் கட்டுபவர்களைக் காணும்போதெல்லாம் எமக்கு ரெப்டனின் ஞாபகம் வருகிறது.

கணினிக்கு வருவோம். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் தனது ஆய்வுக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலைச் செய்தார். ஒளிப் பேனையால் திரையில் நேரடியாகக் கோடு வரையலாம். ஆனால் அதை ஓட்டிய கணினி ஆய்வுகூடத்துக்குரியது, வீட்டில் வைக்கக்கூடியதல்ல. 1982இல் வந்த ஆட்டோகேட் இந்த வித்தையைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அது தொழில் செய்பவர்களுக்கானது. பத்துப் பேர்ச்சஸ் வளவுக்கு அதை வாங்குவது கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற பவுசர் பிடிப்பதைப் போன்றது.

உண்மையான திருப்பம் 2000ஆம் ஆண்டு ஸ்கெட்ச்அப் வந்ததோடு நிகழ்ந்தது. தட்டையாக ஒரு சதுரத்தை வரைந்து, சுட்டியால் பிடித்து இழுத்தால் அது பெட்டியாக எழும்பும். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். 2006இல் கூகுள் அதை வாங்கி ஓர் இலவசப் பதிப்பையும் விட்டது. கூகுள் எர்த்தில் கட்டடங்களை மக்களே வரைந்து தருவார்கள் என்பதுதான் கணக்கு. 2012இல் ட்ரிம்பிள் நிறுவனத்துக்கு விற்றது. கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவசப் பதிப்பு 2017ஓடு நின்றுபோனது. இப்போதும் இலவசம் உண்டு, ஆனால் இணையத்தில் மட்டும். டேட்டா முடிந்தால் உங்கள் தோட்டத்தின் படலையும் பூட்டுத்தான்.

இலங்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெஃப்ரி பாவா 1940களின் கடைசியில் பெந்தோட்டைக்கு அருகே வாங்கிய லுனுகங்க தோட்டத்தை ஐம்பது வருடங்களாகச் செதுக்கினார். வாங்கும்போது அவர் கட்டடக்கலைஞரே அல்ல. அங்குள்ள கறுவா மலையில் ஒரு மரத்தடியில் பெரிய சாடி ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து பார்க்கும் கண்ணை அந்தச் சாடி தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். இந்த வேலையை நிலத்தில் நின்று பார்த்துத்தான் செய்ய முடியும், திரையில் அல்ல.

சரி, எதை எடுப்பது? எம்மைக் கேட்டால் 'ஸ்வீட் ஹோம் 3டி'. பிரான்ஸ் நாட்டவரான எம்மானுவேல் புய்பாரே உருவாக்கிய திறந்த மூல மென்பொருள் அது. இலவசம். இணையம் இல்லாமலும் ஓடும். வரைந்த கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். வீட்டின் உட்புறத்துக்காகச் செய்யப்பட்டதுதான், மரவகைகள் குறைவு. அது பெரிய குறையில்லை. கிணறு, மதில், மலசலகூடக் குழி, படலை இவற்றை அளந்து சரியான இடத்தில் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

இதற்குள் ஒரு திசைகாட்டி இருக்கிறது. அதில் உங்கள் ஊரின் அகலக்கோடு, நெடுங்கோட்டைக் கொடுத்து, திகதியும் நேரமும் சொன்னால் அதற்கேற்ற வெயிலோடும் நிழலோடும் படத்தைத் தரும். எமக்கு இது முக்கியம். ஐரோப்பியத் தோட்ட நூல்கள் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. இங்கோ ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை அது வடக்கே நிற்கும், மார்கழியில் தெற்கே போய்விடும். ஜூன் மாதத்துக்கு ஒரு படம், டிசம்பருக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். குசினிச் சுவர் எந்த மாதம் காய்கிறது, மாங்கன்றை எந்தப் பக்கம் வைப்பது என்பது தெரியவரும். மரத்தை மட்டும் கன்றின் அளவில் போடாமல், பத்து வருடத்தில் அது விரிக்கப்போகும் அகலத்தில் போட்டுப் பாருங்கள்.