தரையில் ஒரு வீடு, விளிம்பில் ஒரு வீடு

‘கடற்காகம்’ என்று பெயர் வைத்தவருக்கு நல்ல கண் இருந்திருக்க வேண்டும். குப்பையைக் கிளறுவது, கூட்டம் போட்டுக் கத்துவது, கையிலிருப்பதைத் தட்டிப் பறிப்பது, ஆளைப் பார்த்து ஆட்டம் போடுவது என்று காகத்துக்குச் சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்துகிறது. ஆனால் குடும்பம் முழுவதற்கும் அந்தப் பெயர் தகுமா? பிரிட்டன் கரையில் வாழும் இரண்டு கடற்காகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது, மற்றதற்குச் சற்றும் ஒட்டவில்லை.

முதலாவது ஹெர்ரிங் கடற்காகம். சாம்பல் முதுகு, இளஞ்சிவப்புக் கால், மஞ்சள் அலகின் கீழ்நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டாவது கிட்டிவேக். உருவில் சிறியது, கால் கருப்பு, அலகு புள்ளியில்லாத மஞ்சள். அது கூவும் ஒலியே அதற்குப் பெயராகிவிட்டது. தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும். வேறுபாடு அவை முட்டையிடும் இடத்தில் தொடங்குகிறது. ஹெர்ரிங் கடற்காகம் புல்மேட்டிலும் மணல்மேட்டிலும் தரையில் கூடு வைக்கும். கிட்டிவேக்கோ கடலைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும் பாறையில், ஒரு சாண் அகலமே உள்ள விளிம்பைத் தேடிப் போகும்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து மற்ற எத்தனை வேறுபாடுகள் கிளைக்கின்றன என்று எண்ணிப் பார்த்தவர் எஸ்தர் கல்லன். பறவை நடத்தை ஆய்வில் பெரும்பெயர் பெற்ற டச்சு அறிஞர் நிக்கோ டின்பெர்கன், 1949இல் ஆக்ஸ்போர்டுக்கு வந்தபின் உருவாக்கிய ஆய்வுக்குழுவைச் சேர்ந்தவர். டின்பெர்கன் ஹெர்ரிங் கடற்காகத்தைப் பற்றி 1953இல் ஒரு முழு நூலே எழுதினார். 1973இல் நோபல் பரிசும் பெற்றார். கல்லன் நார்தம்பர்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள ஃபார்ன் தீவுகளில் கிட்டிவேக்குகளைக் கவனித்து 1957இல் தன் கட்டுரையை வெளியிட்டார். பறவை ஆய்வில் இவ்வளவு அழகாகக் கட்டப்பட்ட வாதங்கள் குறைவு என்பது என் எண்ணம்.

தரையில் கூடு என்றால் நரி வரும், காகம் வரும், அண்டை வீட்டுக் கடற்காகமே வந்து குஞ்சைத் தின்னும். ஆகவே ஹெர்ரிங் குஞ்சுக்குப் புள்ளிபோட்ட மண்நிறத் தூவி. அம்மா எச்சரித்துக் கத்தியதும் ஓடிப்போய்ப் புல்லுக்குள் பதுங்கி அசையாமல் கிடக்கும். விளிம்புக்கு நரி ஏற முடியாது. காற்று சுழன்றடிக்கும் அந்த இடத்தில் கொள்ளைப் பறவைகளுக்கும் வேலை கடினம். கிட்டிவேக் குஞ்சு வெள்ளிபோல் வெளுத்திருந்தாலும் பாதகமில்லை. ஆனால் அது ஓடக் கூடாது. ஓர் அடி தவறினால் கீழே கடல். பெரும்பாலான நேரம் பாறைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருக்கும்.

முட்டை ஓட்டின் கதை இன்னும் சுவையானது. தரையில் கூடு வைக்கும் கருந்தலைக் கடற்காகம், குஞ்சு பொரிந்த சிறிது நேரத்தில் உடைந்த ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய் எறிந்துவிட்டு வரும். சில விநாடி வேலைதான். ஆனால் அந்தச் சில விநாடியில் கூடு காவலின்றிக் கிடக்கிறதே, எதற்கு இந்த ஆபத்து? டின்பெர்கன் குழு ரேவன்கிளாஸ் மணல்மேடுகளில் சோதித்துப் பார்த்தது. முட்டைக்கு அருகில் உடைந்த ஓடு கிடந்தால் காகங்கள் அந்த முட்டையை எளிதில் கண்டுபிடித்துவிட்டன. ஓட்டின் உட்புற வெள்ளை காட்டிக் கொடுத்துவிடுகிறது. கிட்டிவேக் ஓட்டைத் தூக்குவதே இல்லை. மேலிருந்து எச்சம் வேறு வழிந்து, அதன் கூடு பாறையில் வெள்ளை அடித்தாற்போல் தெரியும். மறைத்து வைக்க என்ன இருக்கிறது?

கூடு கட்டுவதிலும் அப்படித்தான். ஹெர்ரிங்குக்குத் தரையில் ஒரு பள்ளமும் கொஞ்சம் புல்லும் போதும். கிட்டிவேக் சேறு சுமந்து வந்து காலால் மிதித்து மிதித்து மேடையாக்கி, அதன்மேல் புல் வைத்துக் குழிவான கிண்ணம் செய்கிறது. முட்டை உருண்டால் போச்சு. ஹெர்ரிங் மூன்று முட்டை இடும், கிட்டிவேக் பெரும்பாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும்.

சண்டையைப் பாருங்கள். எல்லையில் இரண்டு ஹெர்ரிங் ஆண்கள் முறைத்துக்கொண்டால் புல்லைக் கொத்தோடு பிடுங்குவது வழக்கம். கோபத்தைப் புல்லில் காட்டுவது போலிருக்கும். கிட்டிவேக் எதிரியின் அலகைக் கவ்வி முறுக்கும், விளிம்பிலிருந்து தள்ளிவிடுவதற்கு. ஓட வழியில்லாத குஞ்சுக்கோ வேறொரு தற்காப்பு: அடிக்க வந்தால் தலையைத் திருப்பி அலகை ஒளித்து, பிடரியிலுள்ள கருப்புப் பட்டையைக் காட்டும். சமாதானக் கொடி.

குஞ்சை அடையாளம் காணும் விஷயம்தான் எனக்குப் பெரிய வியப்பு. தரையில் குஞ்சுகள் அலைந்து திரிவதால், பொரிந்த சில நாட்களிலேயே ஹெர்ரிங் பெற்றோர் தம் பிள்ளையைத் தெரிந்துகொள்கின்றன. அயல் குஞ்சு வந்தால் கொத்தித் துரத்தும். கிட்டிவேக் பெற்றோருக்குப் பல வாரங்கள் வரை அந்த அடையாளம் தெரியாது. என் கூட்டில் இருப்பது என் பிள்ளை, அவ்வளவுதான். பாசம் குறைவென்று சொல்லிவிட முடியாது, தேவை வரவில்லை.

ஹெர்ரிங்கின் சிவப்புப் புள்ளியும் இதே கதைதான். குஞ்சு அதைக் கொத்தும், தாய் இரையைத் தரையில் கக்கும், குஞ்சு எடுத்துத் தின்னும். கிட்டிவேக் குஞ்சு நேராகத் தாயின் தொண்டையில் அலகை விடுகிறது. கூட்டில் மீன் சிந்தி அழுகுவதில்லை.

நமக்கு இதெல்லாம் நேரில் காணக் கிடைக்காது. குளிர்காலத்தில் தமிழகக் கரைக்கு வரும் பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் பீடபூமி ஏரிகளில் முட்டையிட்டுவிட்டு வருகிறது. நாம் பார்ப்பது பாதி வாழ்க்கையைத்தான்.

பசி எடுக்கும்போதுதான் ‘காகம்’ என்ற பெயரின் எல்லை தெரிகிறது. ஹெர்ரிங் எதையும் தின்னும். சிப்பியை உயரத் தூக்கிக் கல்லில் போட்டு உடைக்கும். புல்வெளியில் இரு காலாலும் தபதபவென்று மிதித்து மண்புழுவை வெளியே வரவைக்கும். 2019இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை வைத்துக்கொண்டு 74 பறவைகளிடம் முயன்றார்கள். 27 மட்டுமே கிட்டே வந்தன. ஆள் பார்வையைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தால், உணவைத் தொட அவை சராசரியாக 21 விநாடி கூடுதலாகத் தயங்கின. திருட்டு என்று பேர். கண்ணைப் பார்த்தால் கூச்சம். கிட்டிவேக்குக்கு மனிதனின் பொட்டலம் எதற்கு? கடல்மேற்பரப்பின் சிறுமீன்தான் அதன் சோறு, அதிலும் மணல்விலாங்கு எனப்படும் மெல்லிய மீன். இனப்பெருக்கம் முடிந்ததும் கரையை விட்டு நடு அட்லாண்டிக்குக்குப் போய்விடும்.

இரண்டுமே இப்போது மனிதக் கட்டடங்களில் ஏறிவிட்டன. ஜான் கோல்சன் என்ற ஆய்வாளர் 1954 முதல் பல பத்தாண்டுகள், டைன் நதிக்கரைக் கிடங்கொன்றின் ஜன்னல் விளிம்புகளில் கிட்டிவேக்குகளுக்கு வளையமிட்டுப் பின்தொடர்ந்தார். இன்று நதிமுகத்திலிருந்து உள்ளே தள்ளி, நியூகாசிலின் டைன் பாலத்திலும் அவை கூடு வைக்கின்றன. இரும்புச் சட்டம் அவற்றுக்குப் பாறைதான். பழக்கம் எதுவும் மாறத் தேவைப்படவில்லை. ஹெர்ரிங்குக்கு மொட்டைமாடி தரையாகத் தெரிகிறது, ஆனால் அது நாலு மாடி உயரத் தரை. தரைக்குஞ்சு தன் வழக்கப்படி நடக்கிறது, ஓரத்துக்கு வருகிறது, தெருவில் விழுகிறது. பெற்றோர் கீழே போகிறவர் தலையில் பாய்கின்றன. மறுநாள் செய்தித்தாளில் கடற்காகம் ‘வெறி’ பிடித்ததாகத் தலைப்பு.

பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இரண்டு பறவைகளுமே இருக்கின்றன. கிட்டிவேக்கை 2017இல் உலக அளவிலும் அழியும் ஆபத்துள்ள இனங்களில் சேர்த்தார்கள். அதன் மீனுக்காக 2024இல் இங்கிலாந்தின் வடகடல் பகுதியிலும் ஸ்காட்லாந்துக் கடலிலும் மணல்விலாங்குப் பிடிப்பை நிறுத்தினார்கள். டைன் பாலத்தடியில் யாரேனும் வறுவல் பொட்டலத்தைப் பிரித்தால் இறங்கி வருவது பாலத்துப் பறவை அல்ல. அது கடலுக்குப் போயிருக்கும்.