கனிமீடும் காவலூரும்: ஒரு பனி நிலவின் காற்றைத் தேடிய வரலாறு

கனிமீடு வியாழன் கோளின் துணைக்கோள்களில் மிகப் பெரியது. சூரியக் குடும்பத்தின் நிலவுகள் அனைத்திலும் பெரியதும் இதுவே. பனியும் பாறையும் கலந்த இந்த நிலவுக்கு வளிமண்டலம் உண்டா என்ற கேள்விக்கு விடை தேடிய தொடக்க கால முயற்சிகளுள் ஒன்று, தமிழ்நாட்டின் சவ்வாது மலையில் உள்ள காவலூரில் 1972 ஜூன் 7 அன்று நடந்தது. "கனிமீடின் வளிமண்டலம் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்டது" என்று பல குறிப்புகள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் சரி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விளையாட்டு நிலவும் மெய் நிலவும்

கனிமீடு போன்ற உலகங்களை இன்றைய மாணவர் பலர் முதலில் சந்திப்பது கணினித் திரையில்தான். மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனம் உருவாக்கி 2011-இல் முதன்முதலாக வெளியிட்ட 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்ற விண்வெளிப் பயண விளையாட்டில் ஜூல் என்றொரு பச்சை நிறப் பெருங்கோள் உண்டு. அதைச் சுற்றும் நிலவுகளில் ஒன்று வால். 300 கி.மீ. ஆரமுள்ள அது, பனி மூடிய கற்பனை நிலவு. லேத், வால், டைலோ ஆகிய மூன்று நிலவுகளின் சுற்றுக்காலங்களும் 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்துள்ளன. வியாழனின் ஐஓ, யூரோப்பா, கனிமீடு ஆகிய மூன்றுக்கும் உள்ள விகிதமும் இதுவே.

வால் நிலவில் வளிமண்டலம் இல்லை. ஆகவே அங்கே வான்குடை பயன்படாது. இயந்திரத்தை எரித்தே தரையிறங்க வேண்டும். இது விளையாட்டை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவு. ஆடுபவர் தகவல் பலகையைத் திறந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மெய்யான பனி நிலவுக்கு அப்படி ஒரு பலகை இல்லை. கோடிக்கணக்கான கி.மீ. தொலைவில் புள்ளியாகத் தெரியும் ஓர் உலகில் காற்று உண்டா என்பதை இங்கிருந்தே அறிந்தாக வேண்டும்.

மலைமேல் ஒரு வானாய்வகம்

திருவண்ணாமலையை அடுத்த கீழ்பென்னாத்தூரிலிருந்து வடமேற்கே, நேர்கோட்டில் ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவில் காவலூர் உள்ளது. இன்று கீழ்பென்னாத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்திலும் காவலூர் திருப்பத்தூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. 1972-இல் இரண்டும் வட ஆற்காடு மாவட்டத்து ஊர்கள்.

தமிழ்நாட்டில் வானியல் ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆய்வகம் அமைத்தது. 1899-இல் சூரிய ஆய்வு கொடைக்கானலுக்குச் சென்றது. 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற வைணு பாப்பு, விண்மீன்களை ஆராய்வதற்கு ஏற்ற வேறோர் இடத்தைத் தேடினார். நகர வெளிச்சம் எட்டாத, காடு சூழ்ந்த காவலூர் தேர்வானது. ஏறக்குறைய 12.5 பாகை வட அட்சத்தில் இருப்பதால், வட நாடுகளின் ஆய்வகங்களுக்கு எட்டாத தென்வானத்தின் பெரும்பகுதி அங்கே தெரியும்.

கொடைக்கானல் பணிமனையிலேயே உருவான 38 செ.மீ. தொலைநோக்கி 1968-இல் காவலூரில் பணியைத் தொடங்கியது. ஜெர்மனியின் கார்ல் சைஸ் யேனா தயாரித்த 1 மீட்டர் தொலைநோக்கி 1972-இல் நிறுவப்பட்டது. நிறுவிய அதே ஆண்டில் அதற்கு வந்த பெரிய சோதனைதான் கனிமீடு.

மறைப்பு என்னும் முறை

ஒரு கோளோ நிலவோ தொலைவிலுள்ள விண்மீன் ஒன்றின் முன்னால் கடந்து செல்வதை விண்மீன் மறைப்பு என்பர். நிலவுக்குக் காற்று இல்லையென்றால் விண்மீனின் ஒளி விளக்கை அணைத்தாற்போல் சட்டென மறையும். காற்று இருந்தால் அது ஒளியை வளைக்கும். ஒளி படிப்படியாக மங்கி மறைந்து, மறுபுறம் படிப்படியாகவே திரும்பும். மங்கும் விதத்திலிருந்து காற்றின் அடர்த்தியைக் கணிக்கலாம்.

இதே நிகழ்வு நிலவின் அளவையும் தரும். விண்மீன் எவ்வளவு நேரம் மறைந்திருந்தது என்பதையும் நிழல் நகரும் வேகத்தையும் பெருக்கினால், நிலவின் வட்டத்தின் குறுக்கே செல்லும் ஒரு நாணின் நீளம் கிடைக்கும். வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்தால் வெவ்வேறு நாண்கள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு வட்டத்தை வரைந்துவிடலாம்.

சொல்வது எளிது, செய்வது கடினம். கனிமீடின் ஒளி அந்த விண்மீனின் ஒளியைவிடப் பல மடங்கு மிகுதி. அருகிலேயே வியாழனின் வெளிச்சம் வேறு. மொத்த ஒளியில் ஒரு சிறு பங்கு குறைவதை ஒளிமானி பிடித்தாக வேண்டும். நிகழ்வு நீடிப்பது சில நிமிடங்களே. மேகம் குறுக்கிட்டால் மறு வாய்ப்பு இல்லை.

1972 ஜூன் 7

அன்று கனிமீடு SAO என்னும் விண்மீன் பட்டியலில் 186800 என்ற எண் கொண்ட விண்மீனை மறைத்தது. இதைக் காவலூரிலும், அங்கிருந்து ஏறக்குறைய 3,800 கி.மீ. தொலைவில் இந்தோனேசியாவின் ஜாவா தீவிலுள்ள லெம்பாங்கிலும் பதிவு செய்தனர். முடிவுகள் 1973-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியாயின. கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆர். டபிள்யூ. கார்ல்சன். காவலூர்க் குழுவைச் சேர்ந்த ஜே. சி. பட்டாச்சாரியா, லெம்பாங் ஆய்வகத்தின் பாம்பாங் ஹிதாயத், மறைப்புகளை முன்கூட்டிக் கணிப்பதில் பெயர் பெற்ற கார்டன் டெய்லர் ஆகியோர் உடன் ஆசிரியர்களில் அடங்குவர்.

கட்டுரை இரண்டு செய்திகளைச் சொன்னது. கனிமீடின் விட்டம் சுமார் 5,270 கி.மீ. என்பது ஒன்று. அதன் மேற்பரப்பில் குறைந்தது ஒரு மைக்ரோபார் அளவு அழுத்தமுள்ள வளிமண்டலம் இருக்கிறது என்பது மற்றொன்று. ஒரு மைக்ரோபார் என்பது புவியின் காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பின்னர் 1977-இல் யங், மெக்எல்ராய் ஆகிய இருவர், பனியிலிருந்து எழும் நீராவியைச் சூரிய ஒளி பிளப்பதால் ஆக்சிஜன் வளிமண்டலம் உருவாகலாம் என்று கணக்கிட்டுக் காட்டினர். அவர்கள் கணக்கும் 1972-இன் அளவோடு ஒத்துப்போனது.

வாயேஜர் தந்த மறுப்பு

1979-இல் வாயேஜர் 1 விண்கலம் வியாழனைக் கடந்தது. அதிலிருந்த புறஊதாக் கருவி, கனிமீடு மற்றொரு விண்மீனை மறைப்பதை அருகிலிருந்தே கவனித்தது. புறஊதா ஒளியை மிக மெல்லிய வளியும் உறிஞ்சும் என்பதால் இச்சோதனை பல மடங்கு நுட்பமானது. ஆனால் வளிமண்டலத்தின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அங்கே ஏதேனும் வளி இருந்தால்கூட, 1972-இல் சொன்ன அளவில் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்க முடியும் என்றாயிற்று.

கதை அத்தோடு முடியவில்லை. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி கனிமீடிலிருந்து ஆக்சிஜன் அணுக்களின் புறஊதா ஒளிர்வைக் கண்டது. இதை விளக்கிய ஆய்வு 1998-இல் வெளியானது. மிக மிக மெல்லிய ஆக்சிஜன் வளிமண்டலம் உண்மையில் இருக்கிறது. அதன் அழுத்தம் புவியின் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. அங்கே நீராவிக்கும் சான்று உண்டு என்று ஹபிள் தரவுகளை ஆராய்ந்தோர் 2021-இல் அறிவித்தனர்.

யுரேனசில் மீண்டும்

காவலூரில் இதற்கு இணையான மற்றொரு நிகழ்வும் உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது, பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் கோளுக்கு வெளியே விண்மீனின் ஒளி சில வினாடிகள் தாழ்ந்ததைப் பதிவு செய்தனர். அது புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் கருதினர். பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது அது யுரேனசின் வளையம் என்று தெளிவாயிற்று. பதிவு சரியானது, முதலில் தந்த விளக்கம்தான் மாறியது.

மதிப்பீடு

இனி அந்த ஒரு வரிக்குத் திரும்பலாம். கனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்ற கூற்று இன்று மெய்யாகி நிற்கிறது. ஆனால் இன்று அறியப்படும் வளிமண்டலம் 1972-இல் கணித்ததைவிடச் சுமார் லட்சம் மடங்கு மெல்லியது. அவ்வளவு மெல்லிய வளியை அன்றைய முறையால் உணர்ந்திருக்க முடியாது. ஆகவே "கண்டுபிடிக்கப்பட்டது" என்பதைவிட, "இருப்பதாக அறிவிக்கப்பட்டது, அந்த அளவு பின்னர் மறுக்கப்பட்டது, வேறு முறையில் வேறு அளவில் உறுதியானது" என்பதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

இதனால் காவலூரின் பெருமை குறையாது. விட்டத்தைப் பாருங்கள்: இன்று ஏற்கப்படும் அளவு சுமார் 5,268 கி.மீ. விண்கலம் எதுவும் வியாழனை எட்டாத காலத்தில், தரையில் நின்று கிடைத்த 5,270 கி.மீ. என்ற விடை அதன் பக்கத்திலேயே நிற்கிறது. அந்த விட்டத்தால் கிடைத்த அடர்த்தி நீரைப்போல் சுமார் இரு மடங்கு. கனிமீடில் பாறையோடு பெருமளவு பனியும் உண்டு என்பதற்கு அது வலுவான சான்று. நாம் அதிகம் சொல்லிக்கொள்ளும் முடிவு திருத்தப்பட்டது. அதிகம் சொல்லப்படாத முடிவு நிலைத்தது.

2023 ஏப்ரல் 14 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய ஜூஸ் விண்கலம் 2031-இல் வியாழனை அடைந்து, 2034-இல் கனிமீடைச் சுற்றத் தொடங்கும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளது. சவ்வாது மலையில் சில நிமிட ஒளி மாற்றத்தைக் கொண்டு எழுப்பிய கேள்வியை அது அருகிலிருந்தே தொடரும்.