மட்டாஞ்சேரியின் குடியிருப்பும் பணய முறையும்

ஒரு வட்டாரத்தில் வீடு என்பது சாமானியர்களுக்கு எட்டுமா எட்டாதா என்று நிர்ணயிக்க, இங்கிலாந்தின் நாட்டுப்புற மாவட்டங்களை ஆராய்வோர் வீட்டு விலையை ஆண்டு வருமானத்தால் வகுத்து வரும் விகிதத்தையே பிரமாணமாகக் கொள்கின்றனர். அந்தப் பிரமாணத்தைக் கொச்சி நகரத்தின் மட்டாஞ்சேரியில் அப்படியே பிரயோகித்தால், அங்குள்ள ஏழைக் குடும்பங்களின் மெய்யான கஷ்டம் கணக்கில் சேராமலே போய்விடும். ஏனெனில், அவர்களில் கணிசமானோர் வீட்டை விலைக்கு வாங்குவதுமில்லை, மாத வாடகைக்கு எடுப்பதுமில்லை; மொத்தமாக ஒரு முன்தொகை கொடுத்துக் குடியேறும் ‘பணயம்’ என்ற முறையிலேயே எடுக்கின்றனர்.

இந்நிலையின் காரணத்தை நிலத்திலிருந்தே தொடங்கி விசாரிக்க வேண்டும். பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் கொச்சித் துறைமுகம் ஆழப்படுத்தப்பட்டு, அகழ்ந்த மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டபின், கப்பல் வாணிகம் காலப்போக்கில் அங்கே பெயர்ந்தது; மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் கிடங்குகளில் மூட்டை சுமந்தோரின் ஜீவனோபாயம் சுருங்கியதே தவிர, அவர்களுடைய குடும்பங்கள் அகலவில்லை. 1963-ஆம் ஆண்டுக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர் தம் குடிசை நின்ற நிலத்தை ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரையிலும், மாநகரில் 3 சென்ட் வரையிலும் சொந்தமாக்கிக்கொள்ள வகைசெய்தது. எண்ணற்ற எளியோரைக் வெளியேற்றப்படும் பயத்திலிருந்து விடுவித்த அச்சட்டத்தின் மகத்துவத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆயினும் 3 சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடியே. தந்தைக்குப் போதியதாயிருந்த அந்நிலம் மூன்று பிள்ளைகளுக்குப் பாகம் பிரிகையில், ஆளுக்கு ஓரிரு அறைகளுக்கான இடமே மிஞ்சுகிறது. மேற்கே கடலும் கிழக்கே காயலும் நெருக்கும் அக்குறுகிய பூமியில் பரவ வழியின்றி, இளையவர்கள் பிறர் வீட்டைத் தேட நேர்கிறது.

தமிழ்நாட்டில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் வழங்கும் ஏற்பாட்டுக்கு ஒப்பானதே பணயம். குடிவருபவர் ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் மொத்தமாக ஒப்படைத்து, வாடகையின்றியோ சொற்ப வாடகைக்கோ வசித்து, தவணை முடிந்து வெளியேறுகையில் வட்டியில்லாமல் அசலை மட்டும் திரும்பப் பெறுகிறார். வாடகை இல்லை என்பதால் இதனை ஏழைகளுக்கு அனுகூலமென்று கருதுவோர் உண்டு. அது பிழையான அபிப்பிராயம். உதாரணமாக, பணயத்தொகை 5 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். வங்கியில் 7 சதவீத வட்டிக்கு இட்டிருந்தால் அது மாதந்தோறும் ஏறத்தாழ 2,900 ரூபாய் ஈட்டியிருக்கும். கண்ணுக்குப் புலப்படாத வாடகை அதுவே. ஆனால் சுமை தூக்கும் தொழிலாளியிடம் அத்தொகை சேமிப்பாக ஏது? நகையை அடகு வைத்தும் கைமாற்று வாங்கியும் 18 சதவீத வட்டிக்கு அவர் அதனைத் திரட்டினாரானால், அதே வீட்டுக்கு மாதச் செலவு 7,500 ரூபாயாகிறது. உள்ளவருக்கு ஒரு விலையும் இல்லாதவருக்கு அதன் இரு மடங்குக்கு மேற்பட்ட விலையுமாக இருக்கும் இந்த அநீதியை எந்த விகிதமும் காட்டாது. அன்றியும், விலைவாசி ஏற்றத்தால் மதிப்பிழந்த அசலே கைக்கு வருவதால், அடுத்த வீட்டுக்கு அது போதாமற்போகிறது.

வீடுகள் வேறு உபயோகங்களுக்குப் போவதும் இந்நெருக்கடியைக் கூட்டுகிறது. மட்டாஞ்சேரியில் யூதர்கள் வாழ்ந்து, பின்னர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்துசென்ற தெருவின் வீடுகள் பழம்பொருள் கடைகளாயின; 2012-இல் பியன்னாலே கலைக் கண்காட்சி தொடங்கியபின், ஹோம்ஸ்டேயாக மாற்றினால் வரக்கூடிய ஆதாயமும் உரிமையாளரின் கணக்கில் சேர்ந்துகொண்டது. மறுபுறம், நெடுங்காலம் இழுபட்டு 2025-இல் இவ்வட்டாரத்தின் துருத்தியில் திறக்கப்பட்ட இரட்டை அடுக்குமாடிகள் 394 குடும்பங்களுக்கு இடமளித்தமை மெச்சத்தக்கதே. கேரள அரசின் லைஃப் திட்டம் வீடு கட்ட அளிக்கும் 4 லட்சம் ரூபாயோ, மனையில்லாதவருக்கு இந்நகரத்தில் அதிகம் உதவாது.

தென் கொரியாவில் ஜொன்செ என்ற பெயரில் இத்தகைய முறையே நிலவுகிறது. முன்பணம் திரும்பாமல் பலர் வஞ்சிக்கப்பட்டதால், 2023-இல் அங்கே தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. மட்டாஞ்சேரியிலோ உடன்படிக்கை பெரும்பாலும் பதிவுபெறாத முத்திரைத்தாளோடு நின்றுவிடுவதால், 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் அனுபவ அடமானத்துக்கு அளிக்கும் பாதுகாப்பு குடியிருப்பவரை வந்தடைவதில்லை. ஆதலால் சிறு தொகைப் பணயங்களைக் கட்டணமின்றிப் பதிவுசெய்யவும், அப்பத்திரத்தின் பேரில் கூட்டுறவு வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் வழங்கவும் அரசு ஏற்பாடு செய்தல் அவசியம். பதிவு வழக்கமானால் உரிமையாளர்கள் வீட்டைப் பூட்டி வைத்துக்கொள்வார்கள் என்ற ஆட்சேபம் எழக்கூடும். ஆனால் மகளின் விவாகத்துக்கோ மகனின் வளைகுடாப் பயணத்துக்கோ மொத்தத் தொகை வேண்டியே வீட்டைப் பணயத்துக்கு விடுபவர்களுக்கு, பதிவின் நிமித்தமாக அந்தத் தேவை நீங்கிவிடப் போவதில்லை.