அயோவா பன்னாட்டு எழுத்துத் திட்டம்

அயோவா பன்னாட்டு எழுத்துத் திட்டம் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1967 முதல் நடத்திவரும் எழுத்தாளர் உறைவிடத் திட்டமாகும். தம் நாட்டில் நூல் வெளியிட்டு ஓரளவு அறியப்பட்ட கவிஞர்கள், நாவலாசிரியர்கள், நாடகாசிரியர்கள், கட்டுரையாளர்கள் ஆண்டுதோறும் அயோவா சிட்டி என்ற சிறு நகரில் கூடி, சில வாரங்கள் ஒரே கூரையின் கீழ் தங்கி எழுதுகிறார்கள், வாசிக்கிறார்கள், விவாதிக்கிறார்கள். 160க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 1,600க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் இதுவரை பங்கேற்றுள்ளனர். பல்லாண்டுகளாக இத்திட்டத்தின் முதன்மை நிதி ஆதாரமாக இருந்த அமெரிக்க வெளியுறவுத் துறை, 2025இல் தன் நல்கைகளை நிறுத்திக்கொண்டது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பன்னாட்டுக் கலைஞர் பரிமாற்றம் எதைச் சாதிக்க வல்லது, எங்கே இடறும் என்ற இரண்டையும் இத்திட்டத்தின் வரலாற்றில் காணலாம். அசோகமித்திரன் வழியாகத் தமிழ் இலக்கியத்துக்கும் இதனோடு நேரடித் தொடர்பு உண்டு.

தோற்றம்

இத்திட்டத்தைத் தொடங்கியவர்கள் பால் எங்கிள், ஹுவாலிங் நியே ஆகிய இருவர். அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் 1908இல் பிறந்த கவிஞரான எங்கிள், 1941 முதல் 1965 வரை, அதே பல்கலைக்கழகத்தின் படைப்பெழுத்துப் பயிற்சித் திட்டமான அயோவா எழுத்தாளர் பட்டறையின் இயக்குநராக இருந்தார். அமெரிக்க மாணவர்களோடு பிறநாட்டு எழுத்தாளர்களையும் பட்டறைக்கு அழைக்கும் வழக்கத்தை அக்காலத்திலேயே ஏற்படுத்தினார். வங்க எழுத்தாளர் சுநீல் கங்கோபாத்யாய் 1963இல் அயோவாவுக்கு வந்தது அவ்வாறான அழைப்பின் பேரில்தான்.

ஹுவாலிங் நியே 1925இல் சீனாவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின் முடிவில், 1949இல், தைவானுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 'சுதந்திர சீனா' இதழின் இலக்கியப் பகுதிக்கு ஆசிரியராக இருந்தார். 1960இல் அரசு அவ்விதழை மூடிப் பதிப்பாளரைச் சிறையில் அடைத்தது. 1964இல் நியே அயோவாவுக்கு வந்தார். பன்னாட்டு எழுத்தாளர்களுக்கென்று தனியாக ஒரு திட்டம் வேண்டும் என்ற யோசனையை எங்கிளிடம் முன்வைத்தவர் அவரே. தணிக்கையையும் இதழ் மூடலையும் நேரில் அனுபவித்த ஒருவரின் மனத்தில் தோன்றிய எண்ணம் என்பதால், எழுத்தாளருக்கு அச்சமற்ற சில மாதங்களைத் தருவது தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் உயிர்நாடியாக அமைந்தது. எங்கிளும் நியேயும் 1971இல் மணம் செய்துகொண்டனர். எங்கிள் 1977 வரையும், அவருக்குப் பின் நியே 1988 வரையும் இயக்குநராக இருந்தார்கள். போலந்து அரசின் விருதைப் பெறப் புறப்பட்ட எங்கிள் 1991இல் சிகாகோ விமான நிலையத்தில் காலமானார். நியே 2024இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

நிதியும் சட்டமும்

அமெரிக்கா அரசுப் பணத்தில் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றத்தைப் பெரிய அளவில் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். வெளிநாடுகளில் எஞ்சிக்கிடந்த போர்த் தளவாடங்களை விற்ற பணத்தை மாணவர், அறிஞர் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்று செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டம் 1946இல் நிறைவேறியது. 1961ஆம் ஆண்டின் ஃபுல்பிரைட்–ஹேஸ் சட்டம் கலைஞர்களையும் உள்ளடக்கி இந்த ஏற்பாட்டை விரிவாக்கியது. வெளியுறவுத் துறையின் கல்வி, பண்பாட்டு விவகாரப் பிரிவு அயோவாவுக்கு அளித்துவந்த நல்கைகள் இச்சட்டத்தின் அடிப்படையிலேயே வழங்கப்பட்டன.

அரசுப் பணம் மட்டுமே திட்டத்தைத் தாங்கவில்லை. நன்கொடை திரட்டுவதில் எங்கிள் வல்லவர். பட்டறைக் காலத்திலேயே குவேக்கர் ஓட்ஸ், மேடாக் முதலிய, அயோவாவில் இயங்கிய நிறுவனங்களின் கதவைத் தட்டி உதவி பெற்றவர். பல்கலைக்கழகம் அலுவலகமும் ஊழியர்களும் தந்தது. சில எழுத்தாளர்களின் செலவை அவர்களுடைய நாட்டுப் பண்பாட்டு அமைப்புகளோ தனியார் அறக்கட்டளைகளோ ஏற்றன. ஆயினும் ஏழை நாட்டிலிருந்தும், சிறிய மொழியிலிருந்தும், தம் அரசோடு மோதி நிற்கும் நிலையிலிருந்தும் வரும் எழுத்தாளருக்குப் பயணச் சீட்டும் தங்கலும் கிடைக்கப் பெரும்பாலும் அரசு நல்கையே வழியாக இருந்தது. வணிக நிறுவனம் தனக்குத் தெரிந்த பெயரைத் தேடும். பொதுநிதிதான் இன்னும் பெயர் பெறாதவரையும் அழைக்கும் துணிவைத் தருகிறது.

தேர்வும் தங்கலும்

வெளியுறவுத் துறை நிதியில் வந்தோரை அந்தந்த நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகம் பரிந்துரைத்தது. திட்டக் குழு படைப்புகளைப் படித்துத் தேர்ந்தெடுத்தது. தொடக்க காலத்தில் தங்கல் பல மாதங்கள் நீண்டது. பின்னர் ஆகஸ்டில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும் ஏறத்தாழ 10 முதல் 12 வார அளவுக்குச் சுருங்கியது. தொடக்கப் பத்தாண்டுகளில் எழுத்தாளர்கள் மேஃபிளவர் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் தங்கினார்கள். பிற்காலத்தில் அயோவா ஆற்றை ஒட்டிய பல்கலைக்கழக விடுதியில் தங்கவைக்கப்பட்டனர். திட்ட அலுவலகம் ஷாம்போ இல்லம் என்ற பழைய வீட்டில் இயங்குகிறது.

வந்தவர்கள் இத்தனை பக்கம் எழுதி ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஊர்ப் பொது நூலகத்தில் நடக்கும் கலந்துரையாடலில் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை வாசிப்பார். பிரெய்ரி லைட்ஸ் புத்தகக் கடையில் தம் படைப்பை வாசிப்பார். ஊர்க்காரர்கள் கட்டணமின்றி வந்து கேட்டுக் கேள்வி எழுப்புவார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களோடு சேர்ந்து மொழிபெயர்ப்பில் ஈடுபடுவார்கள். மற்ற நேரம் முழுக்க எழுத்தாளருடையது. வேலை, குடும்பச் சுமை, பத்திரிகைக் கெடு ஆகியவற்றிலிருந்து விடுபட்ட இந்த நேரமே நல்கையின் சாரம். உலக எழுத்தாளர்கள் ஆண்டுதோறும் வந்துபோனதற்கு ஊருக்கும் பலன் கிடைத்தது. 2008இல் யுனெஸ்கோ அயோவா சிட்டியை இலக்கிய நகரமாக அறிவித்தது. எடின்பரோ, மெல்பர்ன் நகரங்களுக்கு அடுத்து அத்தகுதி பெற்ற மூன்றாவது நகரம் இது.

குறிப்பிடத்தக்க பங்கேற்பாளர்கள்

இத்திட்டத்தில் பங்கேற்றவர்களில் மூவர் பின்னாளில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். துருக்கியின் ஓரான் பாமுக் 1985இல் வந்தார், 2006இல் பரிசு பெற்றார். சீனாவின் மோ யான் 2004இல் வந்து 2012இல் பெற்றார். தென்கொரியாவின் ஹான் காங் 1998இல் வந்தபோது எழுத வந்து சில ஆண்டுகளே ஆன இளம் எழுத்தாளர். 2024இல் அவருக்குப் பரிசு கிடைத்தது.

பரிசுகளைவிட வேறு சில வருகைகள் திட்டத்தின் தன்மையை நன்கு காட்டுகின்றன. தென்னாப்பிரிக்காவில் பிறந்து போட்ஸ்வானாவில் அகதியாக வாழ்ந்த பெஸ்ஸி ஹெட், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத நிலையிலேயே 1977இல் அயோவாவுக்கு வந்தார். தைவானின் சென் யிங்சென் 1968இல் அழைக்கப்பட்டார். புறப்படும் முன்பே தைவான் அரசு அவரைக் கைது செய்தது. சிறை மீண்ட அவர் 1983இல்தான் அயோவாவை அடைய முடிந்தது. பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அழைத்தவர்கள் அவரை மறக்கவில்லை. 1979இல் நியே ஏற்பாடு செய்த சீன வார இறுதிக் கூட்டத்தில், சீனப் பெருநிலத்தின் எழுத்தாளர்களும் தைவானைச் சேர்ந்தவர்களும் முப்பது ஆண்டுப் பிரிவுக்குப் பின் நேருக்கு நேர் அமர்ந்து பேசினார்கள். இரு அரசுகளும் ஏற்பாடு செய்ய முடியாத சந்திப்பு அது.

இந்தியாவிலிருந்து வங்கக் கவிஞர் சங்க கோஷ், இந்தி எழுத்தாளர்கள் ஸ்ரீகாந்த் வர்மா, நிர்மல் வர்மா, மராத்திக் கவிஞர் திலீப் சித்ரே, ஆங்கிலக் கவிஞர் அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா முதலியோர் பங்கேற்றுள்ளனர்.

தமிழ்த் தொடர்பு

ஜ. தியாகராஜன் என்ற இயற்பெயர் கொண்ட அசோகமித்திரன் (1931–2017) 1973–74இல் இத்திட்டத்தின் கீழ் அயோவாவில் தங்கினார். ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் பணியாற்றி, அவ்வேலையை விட்டபின் எழுத்தையே நம்பிச் சென்னையில் எளிய வாழ்க்கை நடத்திவந்தவர் அவர். அயோவாவில் கண்ட மனிதர்களையும் அனுபவங்களையும் கொண்டு அவர் எழுதிய 'ஒற்றன்!' 1985இல் நூலாக வந்தது. தனித்தனியே சிறுகதைகளாகவும் சேர்த்து நாவலாகவும் படிக்கத்தக்க அத்தியாயங்களால் ஆன நூல் அது. ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் வாழும் பல நாட்டு எழுத்தாளர்களின் நட்பு, பிணக்கு, தனிமை ஆகியவற்றை, வெளிநாட்டுப் பயண நூல்களில் வழக்கமாகக் காணும் வியப்போ தற்பெருமையோ இன்றி எழுதியிருக்கிறார். இந்நாவல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. அயோவா வாழ்க்கையைக் கதைக்களமாகக் கொண்ட நூல்களில் தமிழ் தந்த இந்த ஒன்று நிச்சயம் உயர்ந்த இடத்தில் வைக்கத்தக்கது.

விமர்சனங்கள்

பனிப்போரின் நடுவில் பிறந்த திட்டம் இது. அமெரிக்கச் சுதந்திரத்தை உலக எழுத்தாளர்களுக்குக் காட்டி அவர்களைத் தன் பக்கம் ஈர்ப்பதே அரசின் நோக்கம் என்ற குற்றச்சாட்டு தொடக்கம் முதல் உண்டு. அது ஆதாரமற்றதும் அன்று. எங்கிளின் பட்டறைக்கு உதவிய ஃபார்ஃபீல்டு அறக்கட்டளை அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயின் பணத்தைக் கடத்தும் வாய்க்காலாக இருந்ததை ஆய்வாளர் எரிக் பென்னட் 2015இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

கொடுத்தவரின் நோக்கமும் பெற்றவரின் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சென் யிங்சென் அமெரிக்க ஆதிக்கத்தைக் கடுமையாக எதிர்த்த இடதுசாரி. அவரையும் அயோவா அழைத்தது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த எழுத்தாளர் டிங் லிங் 1981இல் வந்தார். என்ன எழுத வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பணம் தருபவருக்கும் தேர்ந்தெடுப்பவருக்கும் இடையே இருந்த இந்த விலகல்தான் திட்டத்தின் மதிப்பைக் காத்தது. மறைவாக வந்த பணம் அதற்குக் களங்கம் சேர்த்தது. சட்டப்படி, கணக்குக் காட்டி வந்த பணம் வலிமை சேர்த்தது.

2025 நிதி நிறுத்தம்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்க வெளியுறவுத் துறை இத்திட்டத்துக்கான தன் நல்கைகளை முடித்துக்கொண்டது. இழப்பு ஏறத்தாழ 10 லட்சம் டாலர். இளையோருக்கான கோடைக்கால எழுத்துப் பயிற்சி, தொலைநிலை வகுப்புகள், எழுத்தாளர்களின் வெளிநாட்டுப் பயணங்கள் ஆகியவை கைவிடப்பட்டன. இலையுதிர்கால உறைவிடம் மட்டும் பிற நன்கொடைகளின் துணையோடு, குறைந்த எண்ணிக்கையில் தொடரும் என்று திட்டம் அறிவித்தது. வெளியுறவுக் கொள்கையின் கிளையாக வைக்கப்படும் கலை நிதி, ஆட்சி மாறினால் ஒரே கடிதத்தில் அறுபடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பிற நாடுகளின் வழிகள்

அரசு நிதியில் கலைஞரை வெளிநாட்டில் தங்கவைக்கும் வழக்கத்தில் மூத்தது ரோமிலுள்ள பிரெஞ்சு அகாதமி. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1666இல், அமைச்சர் கோல்பேர் அதை நிறுவினார். 1803 முதல் மெதிசி மாளிகையில் இயங்கும் அது, பெர்லியோஸ், பிசே, டெபுஸி போன்ற இசையமைப்பாளர்களுக்கு இடம் தந்தது. புரட்சி, பேரரசு, ஐந்து குடியரசுகள் எல்லாவற்றையும் தாண்டி அது நிலைத்திருப்பதற்குச் சொந்தக் கட்டடமும் அரசு நிறுவனம் என்ற நிலையான தகுதியும் துணை நின்றன.

பெர்லின் கலைஞர் திட்டம் 1963இல் ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில், சுவரால் பிளவுண்ட நகரில் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு அதை ஏற்றது. ஜெர்மன் வெளியுறவு அமைச்சகமும் பெர்லின் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு வாசல் அடைத்தால் மறுவாசல் திறந்திருக்கும் ஏற்பாடு இது.

மதிப்பீடு

நிதியாண்டுக் கணக்கில் பலன் கேட்பவருக்கு எழுத்தாளர் உறைவிடம் வீண் செலவாகவே தோன்றும். ஹான் காங்கின் வருகைக்கும் அவருடைய நோபல் பரிசுக்கும் இடையே 26 ஆண்டுகள். அசோகமித்திரனின் அயோவா நாட்களுக்கும் 'ஒற்றன்!' நூலுக்கும் இடையே 10 ஆண்டுகளுக்கு மேல். அவர்களை அழைத்த ஆண்டில் இவற்றை எவரும் கணக்கில் காட்டியிருக்க முடியாது. ஆகவே, கலைப் பரிமாற்றத்துக்கு உதவ விரும்பும் எந்த அரசும் நிதியைப் பல ஆண்டுகளுக்கு உறுதி செய்ய வேண்டும், அதை வெளிப்படையாகத் தர வேண்டும், தேர்வைக் கலைஞர்களிடம் விட்டுவிட வேண்டும். இம்மூன்றும் கூடியிருந்த காலங்களில் அயோவா செழித்தது. ஒன்று குறைந்தபோதெல்லாம் அதன் நற்பெயரோ நடைமுறையோ பாதிக்கப்பட்டது.