குழந்தை வண்டியும் தாயின் முகமும்

பிறந்த குழந்தைக்கு வண்டி வாங்கப் பேரங்காடிக்குச் செல்லும் இளம் பெற்றோர் இக்காலத்தில் பலவற்றை ஆராய்கின்றனர். வண்டியின் எடை என்ன, மடக்கினால் காரின் பின்பகுதிக்குள் அடங்குமா, சக்கரம் எத்தகையது, விலை எவ்வளவு என்றெல்லாம் கேட்கின்றனர். முதல் ஆறு திங்கள் படுக்கையாகவும் அதன் பின்னர் இருக்கையாகவும் மாறும் வண்டியைப் பலர் நாடுகின்றனர். ஆயினும், அவ்வண்டியில் இருக்கும் குழந்தையின் முகம் எத்திசை நோக்கி அமையும் என்று கேட்போர் மிகச் சிலரே. தள்ளுகின்ற தாயை அது பார்க்குமா? அன்றித் தாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்க்குமா? இவ்வினாவின் பின்னே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக் கதை ஒன்று இருக்கின்றது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிந்திருக்க வேண்டிய கதை அஃது எனக் கருதியே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

முதற்கண் பெயரைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் வீடுகளில் நடைவண்டி என வழங்குவது, தளர்நடை பயிலும் குழந்தை தானே பற்றித் தள்ளிச் செல்லும் மூன்று சக்கர மரவண்டியாகும். பட்டினப்பாலையில் சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரும், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாக வரும் சிறுதேரும் குழந்தை செலுத்தும் தேர்களே. குழந்தையைக் கிடத்தியோ இருத்தியோ பிறர் தள்ளிச் செல்லும் வண்டி வேறு. அது மேலை நாட்டிலிருந்து நம்மிடம் வந்தது. படுக்கை வடிவில் அமைந்ததைப் 'பிராம்' என்றும், அமர்ந்து செல்வதற்குரிய இலேசான வண்டியை 'ஸ்டிரோலர்' என்றும் இன்று வழங்குகிறோம். பிராம் என்பது 'பெராம்புலேட்டர்' என்னும் நீண்ட சொல்லின் குறுக்கம். சுற்றி நடத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்த அச்சொல், குழந்தை வண்டிக்கு வருமுன், நில அளவையாளர் தூரத்தை அளப்பதற்காக உருட்டிச் சென்ற ஒற்றைச் சக்கரக் கருவிக்கும் பெயராக இருந்தது. நிலமளந்த கருவியின் பெயர் மழலைகளின் ஊர்திக்கு வந்தமை சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய மாணவர்க்குச் சுவை பயக்கும்.

இவ்வண்டிகளுள் பெயர் பெற்ற மூத்த வண்டி 1733ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் உருவாயிற்று. டெவன்ஷியரின் மூன்றாம் கோமகனுடைய மக்களுக்காக வில்லியம் கென்ட் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அதனை அமைத்தார். பெருமாளிகைகளையும் பூந்தோட்டங்களையும் வகுத்த கை, சிப்பி வடிவில் ஒரு சிறு வண்டியையும் வகுத்தது. ஆடோ மட்டக்குதிரையோ பூட்டி இழுக்கும்படி அது செய்யப்பட்டிருந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தோட்டத்தில் உலா வருவதற்கான விளையாட்டுப் பொருள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. குழந்தையின் கண்ணெதிரே இருந்தது விலங்கின் முதுகு. தாய்க்கு அங்கு இடமே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வண்டி மெல்ல நகர மாந்தரிடம் வந்தது. அமெரிக்காவில் 1830களில் பெஞ்சமின் பாட்டர் கிராண்டால் என்பார் இவற்றைச் செய்து விற்றார் என்பர். விலங்கு போய், மனிதர் கையால் இழுக்கும் வண்டியாயிற்று. இழுப்பவர் முன்னே நடக்க, குழந்தை பின்னே வந்தது. இடையில் குழந்தை சரிந்து விழுந்தாலும் இழுப்பவருக்குத் தெரியாது. 1848ஆம் ஆண்டளவில் நியூயார்க்கில் சார்லஸ் பர்ட்டன் என்பார் பின்னிருந்து தள்ளும் வண்டியைச் செய்தார் எனக் கூறுவர். நடைபாதையில் செல்வோர்மீது அவை மோதுகின்றன என்னும் முறையீடு பெருகவே, அவர் இங்கிலாந்து சென்று இலண்டனில் அத்தொழிலை நடத்தினாராம். விக்டோரியா அரசியாரும் இத்தகைய வண்டிகளை வாங்கினார் என்னும் செய்தி பரவியதும், அதுகாறும் தயங்கிய குடும்பங்கள் தயக்கம் நீங்கின. அரசியார் செய்ததை ஊரார் செய்வது எந்நாட்டிற்கும் பொது.

இழுத்தது தள்ளலாக மாறியதை நாம் சிறிய மாற்றமாகக் கருதிவிடல் ஆகாது. அதனால் குழந்தை முதன்முதலாகத் தாயின் பார்வைக்குள் வந்தது. எனினும் ஒரு குறை எஞ்சியது. தாய் குழந்தையைக் காண்பாள். முன்னோக்கி அமர்ந்த குழந்தையோ தாயைக் காணாது.

அக்குறையைத் தீர்க்க முற்பட்டவர்களுள் தனித்துக் குறிப்பிடத் தக்கவர் வில்லியம் ரிச்சர்ட்சன். இவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர், பால்டிமோர் நகரினர். 1889ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் இவருக்கு 4,05,600 என்னும் எண்ணுடைய காப்புரிமை வழங்கப்பட்டது. அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1865இல். அதற்கு 24 ஆண்டுகளே கடந்திருந்த நிலையில் கறுப்பினத்தவர் ஒருவர் காப்புரிமை அலுவலகத்தின் ஏடுகளில் தம் பெயரைப் பதித்தார் என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ரிச்சர்ட்சன் செய்தது யாது? வண்டியின் உடற்பகுதியைச் சக்கரச் சட்டத்தோடு அசையாதபடி பிணைக்காமல், சுழலும் மூட்டு ஒன்றின்மேல் அதனை அமர்த்தினார். அதனால் சட்டம் நின்ற நிலையிலேயே நிற்க, குழந்தை கிடக்கும் பகுதியை மட்டும் தாயை நோக்கியோ தெருவை நோக்கியோ திருப்ப இயன்றது. சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே உருளும்படியும் செய்தார். இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்திருப்பின் வண்டியைத் திருப்பும்போது உட்புறச் சக்கரம் தேய்ந்து இழுபடும். வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தூரம் உருள வேண்டியிருப்பதே காரணம். தனித்தனியே உருளும் சக்கரமுடைய வண்டியோ குறுகிய இடத்திலும் எளிதில் திரும்பும். இன்று பெருவிலைக்கு விற்கும் வண்டிகளின் விளம்பரத்தில் புதுமை எனப் போற்றப்படும் இவ்விரண்டும் 1889இலேயே கருத்தளவில் நிறைவுற்றவை. அக்கால அமெரிக்கக் காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டுகள். 1906க்குப் பின் எவர் வேண்டுமானாலும் அதனைச் செய்து விற்க வழி திறந்திருந்தது.

இங்கிலாந்தில் பெரிய பிராம்களின் காலம் நெடுநாள் நீடித்தது. 1877இல் லீட்ஸ் நகரில் வில்லியம் வில்சன் தொடங்கிய 'சில்வர் கிராஸ்' தொழிலகத்தின் வண்டிகள் இன்றும் பெயர் பெற்றவை. உயர்ந்த சக்கரங்கள், வில்கம்பிகளின்மேல் தொங்கி அசையும் படகு போன்ற உடல், மழைக்கும் வெயிலுக்கும் விரியும் கூரை ஆகியவற்றோடு அவை தெருவில் தேர் போல் வந்தன. அவற்றுள் குழந்தை படுத்திருக்கும். அதன் கண் தள்ளுவோரை நோக்கியிருக்கும். தள்ளியவர் பெரும்பாலும் தாயல்லர், சம்பளம் பெற்ற தாதியர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அத்தாதியர்க்குப் பயிற்சி வேண்டும் எனக் கருதி எமிலி வார்டு அம்மையார் 1892இல் இலண்டனில் நார்லண்டு பயிற்சி நிலையத்தைத் தோற்றுவித்தார். ஆசிரியர் பயிற்சி பெற்ற நாமெல்லாம் ஃபிரோபல் பெயரை அறிவோம். அப்பெரியாரின் கொள்கைகளே அந்நிலையத்திற்கும் அடிப்படையாயின. வண்டி தள்ளுவதும் கல்விப் பணியின் ஒரு கூறே என 1892இலேயே ஒருவர் உணர்ந்திருந்தார்.

பெரிய பிராமின் ஆட்சியை முடித்து வைத்தவர் ஓவன் மெக்லாரன் என்னும் ஆங்கிலப் பொறியியலார். அவர் விமானத் துறையினர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்குசக்கர அமைப்பில் பங்கு கொண்டவர். வானில் பறக்கும்போது மடங்கி ஒடுங்கி, தரை இறங்கும்போது விரிந்து எடை தாங்கும் கால்களைப் பற்றிச் சிந்தித்த அறிவு, பேரக்குழந்தையின் கனத்த வண்டியோடு தம் மகள் படும் தொல்லையைக் கண்டதும் அப்பக்கம் திரும்பிற்று. 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967இல் வண்டி விற்பனைக்கு வந்தது. அலுமினியக் குழாய்களும் ஒரு துணியிருக்கையுமாக, மூன்று கிலோவுக்கும் குறைந்த எடையில், குடை மடங்குவது போல் அது மடங்கிற்று. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மடக்கிய வண்டியுமாகத் தாய் பேருந்தில் ஏற முடிந்தது.

நம் வட்டாரத்தாருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். சிங்கப்பூரில் 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கும் முன்னர், பழைய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்பதில்லை. மிச்ச மாடிகளைப் படியேறிக் கடந்த தாய்க்கு மூன்று கிலோ எடை பெரும் உதவியன்றோ?

ஆயினும் அவ்விலேசுக்கு ஒரு விலை இருந்தது. குடை மடிப்பு வண்டியில் கைப்பிடியாக நீளும் அதே குழாய்கள்தாம் முதுகுச் சாய்மானத்தையும் தாங்குகின்றன. ஆகவே இருக்கையைத் திருப்ப வழியில்லை. குழந்தை தெருவைத்தான் பார்க்க வேண்டும். இது குழந்தைக்கு நல்லது என்று ஆராய்ந்து எடுத்த முடிவன்று. மடிப்பின் தேவையால் நேர்ந்தது. மெக்லாரனைக் குறை கூறுவது என் கருத்தன்று. வீட்டுக்குள் அடைபட்டிருந்த தாய்மாரை அவர் வண்டி வெளியே கொணர்ந்தது. ஆனால் ரிச்சர்ட்சன் திருப்பிய முகத்தை அது மீண்டும் எதிர்ப்புறம் திருப்பிவிட்டது. ஒரு தலைமுறைக்கும் மேலாக எவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை.

எண்ண வைத்தவர் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சுசான் சீடிக். 2008இல் வெளியான அவருடைய ஆய்வு இரு பகுதிகளைக் கொண்டது. பிரிட்டனின் தெருக்களில் 2,700க்கும் மேற்பட்ட பெற்றோர் குழந்தை இணைகளைக் கவனித்துக் குறித்தது முதற்பகுதி. தெருவை நோக்கிய வண்டிகளில் சென்ற குழந்தைகளிடம் பெற்றோர் பேசியது குறைவு என அதில் தெரிந்தது. இயல்பாகவே பேசும் பழக்கமுடைய பெற்றோர் தம்மை நோக்கிய வண்டியைத் தேர்ந்திருக்கலாமே என்று ஐயுறுவது முறையே. அதனாலேயே இரண்டாம் பகுதி இன்றியமையாததாகிறது. அதில் 20 குழந்தைகளை அவர்தம் தாய்மார் பாதி வழி ஒரு திசையிலும் பாதி வழி மறு திசையிலும் வைத்துத் தள்ளினர். அதே தாய்மார், முகம் பார்த்தபோது ஏறக்குறைய இருமடங்கு பேசினர். தெருவைப் பார்த்துச் சென்றபோது சிரித்த குழந்தை ஒன்றே. தாயைப் பார்த்துச் சென்றபோது பாதிக் குழந்தைகள் சிரித்தன. இருபது என்பது சிறு தொகை. அதனைக் கொண்டு சட்டம் இயற்ற இயலாது. ஆனால் வகுப்பறையில் நின்று பழகிய எவருக்கும் அதன் முடிவு வியப்பளிக்காது. மாணவருக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையை நோக்கிப் பேசும் ஆசிரியரின் பாடம் எந்த அளவுக்குச் சென்று சேரும் என்பதை நாம் அறியோமா?

தமிழாசிரியர்க்கு இச்செய்தி நெருக்கமானது. முதலாம் ஆண்டு வகுப்பில் வந்தமரும் பிள்ளைகளுள் சிலர் சொல்வளத்தோடு வருகின்றனர். சிலர் ஒற்றைச் சொற்களால் விடை கூறி நின்றுவிடுகின்றனர். அவ்வேறுபாட்டிற்குக் காரணம் பல. வண்டியின்மேல் பழி முழுவதையும் சுமத்துவது பேதைமை. எனினும் தாய்மொழி என்பது பாடநூலில் தொடங்குவதன்று. "அதோ பார் நாய்க்குட்டி" என்று தாய் காட்டும்போது, குழந்தை முதலில் தாயின் முகத்தைப் பார்த்து, அம்முகம் நோக்கும் திசையைப் பின்பற்றிச் சென்று நாய்க்குட்டியைக் காண்கிறது. சொல்லும் பொருளும் அங்கே இணைகின்றன. முகம் தெரியாவிடின் அவ்விணைப்பு தளர்கின்றது. தோட்டப்புறங்களில் நம் பாட்டிமார் விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் அவசரத்தில் குழந்தையை இடுப்பில் சுமந்து ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றனர். வறுமை மிக்க வாழ்வுதான் அது; அதனைப் பொற்காலமாக்கிப் பேச நான் ஒருப்படேன். ஆயினும் அந்த இடுப்பில் குழந்தையின் முகம் தாயின் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது.

இருவகைப் பயனும் ஒருங்கே தரும் வண்டி ஐரோப்பாவில் மீண்டும் தலையெடுத்தது சென்ற நூற்றாண்டின் இறுதியில். நெதர்லாந்தின் எய்ண்ட்ஹோவன் வடிவமைப்புக் கல்லூரி மாணவர் மாக்ஸ் பாரன்பிரக் 1994இல் தம் பட்டப்படிப்புக்காக வரைந்த வண்டி, 1999இல் 'புகபூ' என்னும் பெயரில் சந்தைக்கு வந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் அவ்வழியைப் பின்பற்றின. விலை குறைந்தவையும் இன்று கிடைக்கின்றன.

வாங்குவோர் கருத வேண்டியவை சில உள. கழுத்து நிற்காத குழந்தையை நிமிர்த்தி அமர்த்தல் தீது. தலை முன்சாய்ந்து மூச்சு தடைப்படக்கூடும். ஆகவே முதல் ஆறு திங்களுக்குச் சமதளமாகக் கிடக்கும் படுக்கை வேண்டும். மடிப்பு மூட்டுகளைக் கூர்ந்து பார்த்தல் வேண்டும். 2009இல் அமெரிக்காவில் மூட்டில் சிக்கிக் குழந்தைகள் பன்னிருவரின் விரல்நுனி துண்டிக்கப்பட்டமையால் ஏறத்தாழ பத்து இலட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. நம் வெயிலில் வண்டியின்மேல் துணியைப் போர்த்தி மூடும் வழக்கம் கேடானது. காற்று புகாமல் உள்ளே வெப்பம் ஏறும். கடைப்பொருள்களைக் கைப்பிடியில் மாட்டினால் வண்டி பின்னோக்கிக் கவிழும்.

முகத்தைத் திருப்பும் முறையிலும் இருவகை உண்டு. ஒருவகையில் இருக்கையையே கழற்றித் திருப்பி மாட்டுவர். மற்றதில் இருக்கை அசையாது. கைப்பிடியை மட்டும் மறுபக்கம் சாய்ப்பர். பின்னது எளிது, விலையும் குறைவு. ஆனால் அவ்வாறு சாய்த்ததும் முன்னிருந்த சுழல்சக்கரங்கள் தள்ளுவோர் பக்கம் வந்துவிடுவதால் வண்டி சொன்னபடி திரும்பாது. சில நாளில் சலிப்புற்றுப் பெற்றோர் பழையபடி தெருப்பக்கமே திருப்பி விடுவர். இருக்கை திரும்பும் வண்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. குழந்தை தாயை நோக்கியிருக்கும் நிலையில் சில வண்டிகள் மடங்கா. இருக்கையைக் கழற்றிய பின்னரே மடங்கும். மழைக்கு ஒதுங்கிக் காரில் ஏற்றும் நேரத்தில்தான் அது தெரியவரும். ஆகவே, கடைக்காரரிடம் இருக்கையைத் தாய்ப்பக்கம் திருப்பச் சொல்லி, அந்நிலையிலேயே ஒருமுறை மடக்கிக் காட்டச் சொல்லி, பின்னர் விலை பேசுக.