பல்வலியும் கஞ்சாச் சேர்மமும்

காட்பாடி சந்திப்பில் வந்து நிற்கும் ரயில்களில், கேட்பாரற்றுக் கிடந்த பையிலிருந்து கஞ்சா பறிமுதல் என்ற செய்தி வேலூர் வட்டார வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளிலும் கலவையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் அந்தச் சொல் காவல் துறையைத்தான் நினைவூட்டும். அதே செடியின் சேர்மம் ஒன்று பல்வலிக்கு மருந்தாக ஆராயப்படுகிறது என்றால் முகம் சுளிக்கத் தோன்றுவது இயல்பே.

சுளிக்கும் முன் இரண்டு பெயர்களைப் பிரித்தறிய வேண்டும். போதை தருவது டெட்ராஹைட்ரோகன்னாபினால். 1964-இல் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம் சக ஆய்வாளருடன் சேர்ந்து அதைத் தனிப்படுத்தினார். கன்னாபிடியால் என்பது வேறு. அது அத்தகைய போதையைத் தருவதில்லை. சிலவகைக் கடும் வலிப்பு நோய்களுக்கான மருந்தாக 2018-இல் அமெரிக்கா ஏற்றது இதைத்தான்.

அந்த வலிப்பு மருந்தையே பல்வலிக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2024-இல் 'ஜர்னல் ஆஃப் டென்டல் ரிசர்ச்' இதழில் வெளியானது. கடும் பல்வலியுடன் வந்த 61 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுக்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 அல்லது 20 மில்லிகிராம் கன்னாபிடியால். மூன்றாவது குழுவுக்கு வெற்று மருந்து. மூன்று மணி நேர முடிவில் மருந்து பெற்றோரின் வலி 73 சதவீதம் குறைந்தது; வெற்று மருந்து பெற்றோரிடம் 33 சதவீதம். கடிக்கும் விசையும் கூடியது. ஆனால் சிலருக்கு மயக்கநிலை, சிலருக்கு வயிற்றுப்போக்கு.

இதன் பயன் நமக்கு எங்கே? ஓபியாய்டு மாத்திரைகளுக்கு அடிமையாவது அமெரிக்காவின் கவலை. நம் ஊரில் பல்வலி என்றதும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கப்படுவது டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள். சிறுநீரகக் கோளாறோ குடல்புண்ணோ உள்ளவர்களுக்கு அவை ஆகாது. அத்தகையோருக்கு மாற்று தேவைப்படுகிறது என்பதே இந்த ஆய்வை நாம் கவனிக்க உண்மையான காரணம்.

எனினும் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்த அளவே ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம். இணையத்தில் விற்கப்படும் எண்ணெயின் சில துளிகளில் இருப்பது இதில் சிறு பங்குதான். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உண்போருக்கு அதன் வீரியத்தைக் கன்னாபிடியால் கூட்டிவிடவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலி அடங்கினாலும் பல்லின் கூழில் உள்ள தொற்று அடங்காது. வேர்ச் சிகிச்சையோ பல்லை எடுப்பதோதான் தீர்வு. கிராம்பு எண்ணெய்க்கும் இது பொருந்தும்.

போலந்தில் 2019-இல் வெளியான ஆய்வில், தாடைத் தசை வலி உள்ள 60 பேரில் கன்னாபிடியால் களிம்பு தடவியோருக்கு இரு வாரங்களில் வலி நன்கு குறைந்தது. வாய் கொப்பளிக்கும் திரவங்களில் கன்னாபினாய்டுகளைச் சேர்த்த சோதனைகள் பெரும்பாலும் ஆய்வகத் தட்டுகளோடு நிற்கின்றன. அவற்றை வைத்து விளம்பரம் செய்வது அவசரம்.

புகைப்பதற்கு இவற்றில் எதுவும் சான்றாகாது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில், 32 வயதுக்குள் கஞ்சாவை அதிகம் புகைத்தோருக்குப் பல்லைத் தாங்கும் திசு கூடுதலாகச் சிதைந்திருந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிகரெட்டின் பங்கைக் கழித்த பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது.

சட்டம் சிக்கலானது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம், பூ நுனி சேராத இலையையும் விதையையும் 'கஞ்சா' என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. கன்னாபிடியாலைப் பற்றித் தனியே பேசவில்லை. ஆனால் தமிழகத்தின் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இலையையும் போதைப்பொருளாகவே கொள்கிறது. அன்றைய வட ஆர்க்காட்டுக்கு அது 1939-இல் வந்தது. சித்த மருந்துகளில் கஞ்சா சேர்ந்தால் மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை உறையில் இருக்க வேண்டும். வெளிமாநில நிறுவனங்கள் ஆயுர்வேத உரிமத்தில் தயாரித்து அனுப்பும் எண்ணெயை இங்கே ஒரு பல் மருத்துவர் பரிந்துரைக்கலாமா என்பதற்கு மாநில அரசு தெளிவான வழிகாட்டுதல் தர வேண்டும்.

அதுவரை பல் மருத்துவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. நோயாளி கஞ்சா புகைப்பவரா என்று தனிமையில், மிரட்டாமல் கேட்பது. புகைத்த சில மணி நேரத்தில் அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி போட்டால் இதயத் துடிப்பு எகிறக்கூடும். காவல் துறைக்குப் போய்விடும் என்று அஞ்சும் இளைஞர் அதை மறைத்துவிட்டே நாற்காலியில் சாய்கிறார்.