சென்ட்ரலுக்கு எதிரே

ஆரம்பாக்கத்தில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே அரசு பொது மருத்துவமனை. 1950இல் மருத்துவர் பி. ராமமூர்த்தி அங்கே நரம்பியல் அறுவை சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா போன்றோர் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, அளந்து குறித்த புள்ளிக்கு ஊசியைச் செலுத்தி, அங்குள்ள திசுவை அழித்து, பார்க்கின்சன் நடுக்கத்தைத் தணித்தார்கள். ஏழைக்கும் எட்டிய அந்தத் திறமை போற்றத்தக்கது. ஆனால் 1970 வாக்கில் அதே முறை, சிறுவர்கள் உட்பட அடங்காத மூர்க்கம் கொண்டவர்களின் மூளையிலுள்ள அமிக்டலாவையும் ஹைப்போதலாமஸையும் குறிவைத்தது.

வேறு வழியற்ற குடும்பங்களின் தவிப்பை மறக்கலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் தவிப்பு பெற்றோருடையது, மூளை பிள்ளையுடையது, அழித்த திசு திரும்பாது. 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் மருத்துவர் பெனாபிட் முன்னெடுத்த மூளை மின்தூண்டலை நிறுத்தவாவது முடியும். மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் சம்மதத்தோடு வாரிய ஒப்புதலையும் கேட்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அந்த வாசகம் வர அரை நூற்றாண்டு ஆயிற்று.